கல்லடிக் கடலும் நனையாத சேலையும்

மகனே,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் என் கோபத்தைக் கேள். உன் கடிதத்தை ஆபீஸ் தப்பால்காரன் பிள்ளைக் காம்பராவுக்கே கொண்டுவந்து கொடுத்தான். கொழுந்து பறிக்கப் போன பெண்களின் பிள்ளைகள் எல்லாம் வழக்கம்போல என்னைச் சுற்றி இருந்தார்கள். ஒன்று மடியில், ஒன்று முதுகில், மற்றதுகள் சாக்குத் தொட்டில்களில். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையால் பிரித்துப் படித்தேன். நடுவான் பயலுக்குக் கக்குவான் இருமல் தணிந்துவிட்டது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. கடல் காற்றுப் பட்டால் நெஞ்சு தேறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆவணியில் ரயில்வேயில் லீவு கிடைக்கும், மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரப் போகிறோம், கல்கிசையா காலியா மட்டக்களப்பா என்று முடிவுக்கு வர முடியவில்லை, நீங்கள் மூன்றையும் பார்த்தவர்கள், எது நல்லதென்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "என் மவன் என்கிட்ட யோசனை கேக்கிறான் பாத்தியா" என்று மடியில் கிடந்த குட்டியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதோடு நீ கடிதத்தை முடித்திருக்கக் கூடாதா? கடைசியில் ஒரு வரி எழுதினாயே: 'நீங்களும் எங்களோடு வாருங்கள் அம்மா, நீங்கள் வந்தால் பிள்ளைகளுக்கென்று தனியாக ஆயா தேட வேண்டியதில்லை.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். உன் மனசு எனக்குத் தெரியாததா? அம்மா பங்களாவில் ஆயாவாக இருந்தவள், பிள்ளை வளர்ப்பதில் கைதேர்ந்தவள், கடலைப் பார்த்தவள், இவ்வளவுதான் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா கடலுக்குப் போயிருக்காங்க" என்று நீ பீற்றிக்கொண்டு திரிந்ததை வாத்தியாரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தக் கடலில் நான் ஒரு தடவைகூட இறங்கியதில்லை என்பது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீ எந்த ஊர் என்று கேட்டுவிட்டாய். அந்தக் கதையைச் சொல்லாமல் ஊரின் பெயரை மட்டும் எழுதி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பதுளையிலிருந்து ஒரு முன்ஷி வருவார். வெராந்தாவில் அவர் துரைக்குச் சொன்னதை, பக்கத்தில் குட்டித்துரையைத் தூங்க வைத்துக்கொண்டே காதில் வாங்கி, கரித்துண்டால் தரையில் எழுதி எழுதி நான் கற்ற எழுத்து இது.

குட்டித்துரை என்றேனே, அவன்தான் அந்தத் துரைக்கு ஒரே பையன். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். மலைக்குளிர் அவனுக்கு ஆகவில்லை. நெஞ்சுச் சளியும் இருமலுமாக எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். கடற்கரைக்குக் கொண்டுபோங்கள் என்று அவர்களுடைய டாக்டரும் சொன்னார். எந்த ஊர் என்பதில் துரைக்கும் துரைசாணிக்கும் சாப்பாட்டு மேசையில் தினமும் தர்க்கம். துரைக்குக் காலியில் ஒரு சிநேகிதர். துரைசாணிக்குக் கல்கிசையில் இருக்கும் பெரிய ஹோட்டலில் ஆசை. மட்டக்களப்பில் ஒரு தென்னந்தோட்டத்துத் துரை, கல்லடியில் தன் வீடு சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து இருங்கள் என்று எழுதியிருந்தார். ஒரு நாள் காலையில் பையனுக்கு நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது துரைசாணி திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஆயா, நீ சொல்லு. எந்த ஊர் நல்லது?" என்று கேட்டார். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிறாயா என்று கேட்டதில்லை, கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டதில்லை. முதல் தடவையாக ஒரு கேள்வி வந்தது, நான் அதற்குத் தப்பான பதில் சொன்னேன்.

எப்படித் தப்பானது என்பதைக் கேள். பதுளைச் சந்தைக்குக் காசிம் நானாவின் மாட்டு வண்டிகள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து நெல்லும் கருவாடும் கொண்டுவருவார்; இங்கிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு திரும்புவார். உன் அப்பா அவர் மாடுகளுக்கு லாடம் பார்த்துக் கொடுப்பார். அதனால் அவருக்கு நம்மைத் தெரியும். கல்கிசை, காலி என்று கொழும்புப் பக்கம் போவதென்றால் பண்டாரவளைக்குப் போய் ரயில் ஏற வேண்டும். ரயில் ஏறிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் ரயில் போகிற ஊர் தூரம், மாட்டு வண்டி போகிற ஊர் பக்கம் என்று என் மண்டையில் ஒரு கணக்கு. உன்னை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. பக்கத்து ஊராகவாவது இருக்கட்டும், சந்தை வண்டியில் பிள்ளையின் சேதியாவது வரும் என்று நினைத்தேன். "மட்டக்களப்பு நல்லதுங்கம்மா. அங்க கடல் ரொம்ப நல்லா இருக்குமுங்க" என்றேன். கடல் எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. துரை விழுந்து விழுந்து சிரித்தார். ஆயா சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன என்று அதையே முடிவு செய்துவிட்டார்கள். பண்டாரவளையில் ஏறினால் மறுநாளைக்குள் கொழும்பு, அதே மாதிரி மறுநாளைக்குள் வீடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மட்டக்களப்பு ரோட்டில் பசறை, பிபிலை என்று காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டே இருந்தோம், வழி முடியவே இல்லை. மகனே, பிள்ளைகளோடு கிளம்புகிறவன் போகிற வழியை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எப்படித் திரும்புவது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நீ அப்போது பால்குடி மறக்கவில்லை. ஆயா தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்பது பங்களாச் சட்டம். தன் பிள்ளை பக்கத்தில் இருந்தால் துரை பிள்ளையின் மேல் கவனம் இருக்காதாம். நான் போக மாட்டேன் என்றால், துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவின் வேலையும் போகும். லயத்து வரிசையில் நமக்கு இருந்த காம்பராவும் போகும். துரை கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் யாரும் சேர்க்கவும் மாட்டார்கள். வேறு வழியில்லாமல் உனக்குப் பால் மறக்கடித்தேன். தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி வாங்கிய கொய்னாத் தூளை மார்பில் பூசிக்கொண்டேன். நீ வாய் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்து, என்னையே பார்த்தாய். அழவில்லை. மறுபடி ஆசையாக வாய் வைத்தாய், மறுபடி அதே கசப்பு. அப்புறம்தான் அழுதாய். இன்றைக்கும் கொய்னா என்றால் நீ ஓடுவாயே, மருமகள் கேலி செய்வாளே, அது இந்த வயிற்றெரிச்சலில் தொடங்கியதுதான். பிள்ளைக் காம்பராவில் அப்போது இருந்தவள் அஞ்சலை. உன்னை அவள் இடுப்பில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன்.

கல்லடி வீடு அழகான வீடு. பொய் சொல்லக் கூடாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் வெள்ளை மணலும் தென்னை மரமும். துரைசாணி பார்த்ததும் கையைத் தட்டினார். நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். ஊருக்குப் போகிற ரோடு வாவிக்கு அக்கரையில் இருந்தது. தோணிக்காரன் வந்தால்தான் அக்கரை. வராவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். தோட்டத்தில் துண்டு இல்லாமல் போக முடியாது என்றாலும், கண்ணெதிரே மலையாவது இருக்கும், அந்த மலைக்கு அந்தப் பக்கம் இன்ன ஊர் என்று தெரியும். இங்கே வானமும் தண்ணீரும்தான். மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொன்னால் உனக்குப் புரியுமோ என்னவோ. கதவில்லாத அறையில் பூட்டி வைத்த மாதிரி இருந்தது.

தினமும் காலையில் வெயில் ஏறுவதற்குள் கடலுக்குப் போவோம். துரைசாணி பையனைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். நான் கரையில் நிற்க வேண்டும், காய்ந்த துவாயைப் பிடித்துக்கொண்டு. பையன் வெளியே வந்ததும் சளி பிடிக்காமல் துவட்டிச் சுருட்டித் தூக்கி, வீடு வரைக்கும் இடுப்பில் கொண்டுபோக வேண்டும். அதனால் என் சேலை நனையக் கூடாது. நனைந்த சேலையோடு தூக்கினால் பிள்ளைக்குக் குளிருமாம். பாய் விரித்த அறைக்குள்ளும் போகக் கூடாதாம். வெள்ளைச் சேலை கட்டித் துவாயோடு நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். அலை காலைத் தொட வரும். நான் பின்னால் போவேன். அலைக்கும் எனக்கும் தினமும் இதுதான் விளையாட்டு. பையன் எங்கே கழுத்து வரைக்கும் போகிறான், எங்கே முழங்காலோடு நிற்கிறான், எந்த இடத்தில் கால் தடுமாறுகிறான் என்று பார்த்துப் பார்த்தே அந்தக் கடலின் மேடும் பள்ளமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன்: "நானும் கொஞ்சம் காலு நனைச்சுக்கிறேங்கம்மா." துரைசாணி சிரித்தார். "ஆயாவுக்குக் கடல் எதுக்கு? துவாய் புடி" என்றார். கடிந்து சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

காசிம் நானா ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் தோணி ஏறி வந்து சேதி சொல்லுவார். "தங்கச்சி, புள்ள சொகமா இருக்கான், கவலப்படாத. அஞ்சல கையில இருந்து சோறு திங்கிறான்" என்பார். அஞ்சலை கையால் சாப்பிடுகிறான் என்று கேட்டால் எனக்குச் சந்தோஷமும் வரும், பொறாமையும் வரும். ஆனி மாதத்தோடு திரும்பிவிடுவோம் என்றுதான் கிளம்பினோம். பையன் நன்றாகத் தேறி, கன்னம் உப்பி, வெயிலில் சிவந்து ஓடி விளையாட ஆரம்பித்ததும் துரைசாணிக்குத் திரும்ப மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிக்கொண்டே போனார். அவன் தேறத் தேற எனக்குக் கட்டு இறுகியது. பிறகு ஒரு முறை காசிம் நானா வந்தபோது முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. தலைப்பாவைக் கழற்றி உதறினார், மறுபடி கட்டினார். "சொல்லுங்க நானா" என்றேன். "புள்ளைக்கு வயித்தோட்டம் தங்கச்சி. தோட்டத்துல நெறயப் புள்ளைங்களுக்கு. நான் பொறப்படக்குள்ள உசிரோட இருந்தான்" என்றார். அவர் புறப்பட்டு எத்தனை நாளாகியிருக்கும் என்று நினைத்துப் பார். அந்தச் சொல் என் காதில் விழும்போது நீ இருக்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

துரைசாணியின் காலில் விழுந்தேன். அவர் பதறிப்போய்த் தூக்கினார். அவருக்கும் கண் கலங்கியது. "இப்ப நீ போனா குட்டி அழும், மறுபடி காய்ச்சல் வரும். அடுத்த வாரம் எல்லாரும் போகலாம், ஆயா" என்றார். ஒரு பிஸ்கட் தகரத்தையும் ஒரு மருந்துப் போத்தலையும் எடுத்துக் கொடுத்து, உன் பிள்ளைக்கு வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பு என்றார். நல்ல மனுஷிதான் அவர். நல்லவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் திட்டக்கூட முடியாது, அந்தக் கொடுமை உனக்கு வேண்டாம். அடுத்த வாரம் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. ஒரு நாள் நடுப்பகலில், வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தபோது, மாற்றுச் சேலையை ஒரு துணியில் முடிந்துகொண்டு வாவிக் கரைக்கு நடந்தேன். நடந்தே பதுளை போய்விடுவது என்று முடிவு. யானைக்காடானால் என்ன, பேய்க்காடானால் என்ன. தோணி நின்றது. ஒரு காலைத் தோணியில் வைத்துவிட்டேன். பின்னால் "ஆயா! ஆயா!" என்று சத்தம். குட்டித்துரை. தொப்பி இல்லை, செருப்பு இல்லை, கொதிக்கிற மணலில் தத்தித் தத்தி ஓடி வருகிறான். வந்த வேகத்தில் தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தான். அந்த இடம் ஆழம். கரையில் வேறு ஒரு ஆள் இல்லை.

தோணிக்காரன் என்னைப் பார்த்தான். "ஏறு புள்ள, ஏன் நிக்காய்? உன்ட புள்ளையா?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். "அப்ப ஏறு" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். என் பிள்ளை இல்லை. என் பிள்ளை மலை மேல் கிடக்கிறான். இவனைத் தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை திருடி என்பார்கள். விட்டுவிட்டுப் போனால் இவன் என்னைத் தேடிக்கொண்டு தண்ணீருக்குள் வருவான். வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்றால் அதற்குள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்த நிமிஷம் அந்தப் பச்சைப் பிள்ளையை நான் வெறுத்தேன் மகனே. மனசாரச் செத்துப்போ என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே தோணியிலிருந்து காலை எடுத்து, போய் அவனைத் தூக்கினேன். இடுப்பில் வைத்ததும் என் கை தானாக அவன் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டது. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு உடனே தூங்கிப்போனான். திரும்பி வீட்டுக்கு நடந்தேன். நான் செய்தது சரியா தப்பா என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். எனக்கு வேறு வழி இருந்ததாக இன்றைக்கும் தெரியவில்லை. ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆவணியில்தான் தோட்டத்துக்குத் திரும்பினோம். வண்டி நின்றதும் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். நீ இருந்தாய். கடவுளே, உயிரோடு இருந்தாய். தலைமுடி எல்லாம் கொட்டி, கழுத்து நீண்டு, குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தாய். ராசா என்று கையை நீட்டினேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, அஞ்சலையின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். "அம்மா, அம்மா" என்று அவளைத்தான் கூப்பிட்டாய். அஞ்சலைக்கு முகம் செத்துவிட்டது. "கூப்பிடாத தங்கச்சி. கையில எதயாச்சும் வச்சுக்கிட்டுச் சும்மா உக்காரு. அவனா வருவான்" என்றாள். உனக்காகப் பொறுக்கி வந்த சிப்பிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ மெல்ல வந்தாய், சிப்பியை எடுத்தாய், அஞ்சலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். நான் வெளியே போய்த் தண்ணீர்ப் பீலியடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது நீயாக வந்து என் முதுகில் சாய்ந்தாய். அரைப்பதை நிறுத்தினால் போய்விடுவாயோ என்று, மசாலா வெண்ணெயாகிய பிறகும் அரைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த துரைசாணிகளோடு காலிக்கும் கல்கிசைக்கும் போனேன். அப்போது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அஞ்சலையும் அப்பாவும் இருந்தார்கள், எனக்குப் பயமில்லை. அங்கேயும் துவாய்தான். பங்களா வேலை முடிந்து, அஞ்சலையும் போன பிறகு, அவள் இருந்த பிள்ளைக் காம்பரா எனக்கு வந்தது. பொழுது சாய்ந்ததும் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டுவார்கள். சில பிள்ளைகள் போகாது, என் கழுத்தை விடாது. தாய் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. விரல் விரலாகப் பிரித்து எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் உள்ளே போய்விடுவேன். நாவலப்பிட்டிக்கு வந்து உன்னோடு இருக்கச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாய்! லயத்தை விட்டு வர மாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயம். உன் வீட்டிலும் ஒரு மூலையில் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறேனோ என்ற பயம். உன் கடிதத்தின் கடைசி வரி அந்தப் பயத்தின் மேல் நேராக வந்து விழுந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரயில்வே பாஸ் இருக்கிறது, கல்கிசைக்குச் செலவில்லை என்று உனக்கு ஒரு எண்ணம் ஓடுவது தெரிகிறது. ஆவணியில் கல்கிசைக்குப் போகாதே. அந்த மாதம் அந்தப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகத்தான் கடலைக் காட்ட முடியும். தையில் போனால் நல்ல கடல், ஆனால் தையில் உனக்கு லீவில்லை. காலிக்கும் அதே காற்றுத்தான், போதாததற்குக் கல்லும் முருகை என்கிற பவளப் பாறையும். கடைக்குட்டி நடை பழகுகிற வயசில் காலைக் கிழித்துக்கொள்ளும். ஆவணியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற கடல் மட்டக்களப்புக் கடல்தான். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும், பகலில் சூடு, ஆனால் காலையில் தண்ணீர் தொட்டியில் இருப்பது மாதிரி இருக்கும். கடலில் இறங்குவதானால் வெயில் ஏறுவதற்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். வீடு பிடிக்கும்போது முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார். உப்புக் கரித்தால் வேறு வீடு பார். வாவிப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடாதே. கடலைவிட அதுதான் பொல்லாதது, சத்தம் போடாமல் ஆழமாகும். போய் இறங்கிய அன்றைக்கே கடலில் விடாதே, பிரயாண அலுப்புப் போகட்டும்.

என்னடா இது, அந்த ஊரில் இவ்வளவு பட்டேன் என்று எழுதியவள் அங்கேயே போகச் சொல்கிறாளே என்று நினைப்பாய். நானும் யோசித்தேன். காசிம் நானாவின் பேரன் இப்போது பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருக்கிறான். அவனிடம் போய் விசாரித்தேன். பதுளையிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் பஸ்ஸே ஓடுகிறதாம், அன்றைக்கே போய்விடலாமாம். அது கிடக்கட்டும், அவன் இன்னொன்று சொன்னான். "வாவிக்கு மேல இரும்புப் பாலம் போட்டுட்டாங்க உம்மா. இப்ப தோணியெல்லாம் எதுக்கு, நடந்தே போகலாம்" என்றான். அவன் போட்ட முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நினைத்த நேரத்தில் எழுந்து நடந்து போகலாமாம், யாரையும் கேட்க வேண்டியதில்லையாம்.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். பங்களாவை விட்டு வந்த பிறகு நான் லீவு என்று கேட்டு அந்த வாசலில் நின்றதே கிடையாது. கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கடலுக்கா? இந்த வயசுல உனக்குக் கடல் எதுக்கு ஆத்தா?" என்றார். ஆயாவுக்குக் கடல் எதுக்கு என்று கேட்ட அதே கேள்வி. "காலு நனைக்கப் போறேங்க" என்றேன். "புள்ளைங்கள யாரு பாக்கிறது?" "அஞ்சல மவ பாப்பா. நான் சொல்லிட்டேன்." "தொர முடியாதுன்னா?" "முடியாதுன்னா நான் திரும்பி வரல, அவ்வளவுதான். எம் மவன் வீட்டுக்குப் போயிடறேன்" என்றேன். என் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. கிளாக்கர் சிரித்துவிட்டு உள்ளே போனார். லீவு கிடைத்துவிட்டது மகனே.

ஆகவே வருகிறேன். பிள்ளைகளோடு பதுளை ஸ்டேஷனில் வந்து இறங்கு. பஸ் ஏறும் இடத்தில் நான் மூட்டையோடு நிற்பேன். ஆனால் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஆயா வேண்டுமென்றால் வேறு ஆள் தேடிக்கொள். நான் பேரப்பிள்ளைகளோடு விளையாட வருகிறேன், அவர்கள் அழுதால் தூக்குவேன், அது என் இஷ்டம். கல்லடியில் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் முழங்கால்தான், அப்புறம் ஒரு மேடு, அந்த மேட்டில் நின்றால் அலை இடுப்பை மெல்லத் தள்ளும். இவ்வளவையும் கரையில் நின்றே படித்தவள் நான். வலது கையில் பெரியவள், இடது கையில் நடுவான். சேலையோடு இறங்குவேன், முழுக்க நனைவேன், நனைந்த சேலையோடுதான் வீட்டுக்குள் வருவேன். மருமகளிடம் இப்போதே சொல்லி வை. நாங்கள் வெளியே வரும்போது கரையில் யாராவது காய்ந்த துவாயோடு நிற்க வேண்டும். அங்கே நீ நில்.

எல்லோரும் சுகம்தானே?

உன் அம்மா